எழுதாமல் விட்ட இடம்

சமூக ஊடகக் கணக்குகளைத் தனியாளாக நடத்தித் தரும் நண்பர்களுக்கு,

நகைக்கடை, பிரியாணிக் கடை, பல் மருத்துவமனை, நீட் பயிற்சி மையம், மனை விற்பவர் என்று எதை எடுத்தாலும் இன்ஸ்டாகிராம் பக்கம் இல்லாத தொழில் இன்று தமிழ்நாட்டில் அரிது. அந்தப் பக்கங்களுக்குப் போஸ்டர் செய்வது, ரீல் எடுத்து எடிட் செய்வது, கேப்ஷன் எழுதுவது, கமென்ட்டுக்குப் பதில் போடுவது, விளம்பரத்தை ‘பூஸ்ட்’ செய்வது என எல்லாவற்றையும் பல இடங்களில் ஒரே ஆள்தான் பார்க்கிறார். அவர் கடையின் ஊழியர் இல்லை, ஏஜென்சியும் இல்லை. வீட்டிலிருந்தபடியே நாலைந்து கிளையன்டுகளைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர், அதாவது நீங்கள். இந்த வேலை பெரும்பாலும் ஒரு போன் பேச்சில் முடிவாகிறது. மாதம் 12 போஸ்ட், 6 ரீல், 15,000 ரூபாய் என்று பேசி முடிப்பார்கள். மறுநாள் கடையின் லோகோ வாட்ஸ்அப்பில் வரும், வேலை தொடங்கிவிடும். எழுத்தில் ஒப்பந்தம் போடலாமே என்று யாராவது சொன்னால், ‘அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்’ என்ற பதிலும் தயாராக இருக்கும். அந்தப் பதில் ஏன் தவறு என்று சொல்லவே இந்த மடல்.

முதலில் ஒன்று. ஒப்பந்தம் இல்லாமல் உங்களில் யாருமே வேலை செய்யவில்லை. தகுதியுள்ள இருவர் மனமொத்து, சட்டத்துக்கு உட்பட்ட காரியம் ஒன்றுக்கு விலை பேசி ஒத்துக்கொண்டால் அது ஒப்பந்தம் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். உங்கள் வேலைக்கு வாய்ப்பேச்சே போதும். மின்னணு வழியில் உண்டானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் நடந்த வழக்கில், முறையான பத்திரம் கையெழுத்தாகாதபோதும் மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முத்திரைத்தாள் இல்லையே என்று தயங்குபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. முத்திரைக் கட்டணம் கட்டாதது பிறகு சரிசெய்துகொள்ளக்கூடிய குறை, அதனால் ஒப்பந்தமே இல்லாமல் போய்விடாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியிருக்கிறது. ஆக, உங்களுக்கும் கடைக்காரருக்கும் நடுவே ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் நீங்கள் பேசியது மூன்றே வரி. பேசாமல் விட்டது முப்பது வரி. பேசாத இடத்தைக் கிளையன்டின் வசதி கொஞ்சம், மெட்டா நிறுவனத்தின் விதிகள் கொஞ்சம், நீங்கள் பிறப்பதற்கு முன்பே இயற்றிய சட்டங்கள் கொஞ்சம் என்று யாராவது நிரப்பிக்கொள்வார்கள். ஒப்பந்தம் எழுதுவது என்றால், இருவரும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே அந்த இடத்தைச் சேர்ந்து நிரப்புவது. என் வாதம் இவ்வளவுதான். இனி ஒவ்வோர் இடமாக, எழுதாவிட்டால் அங்கே என்ன வந்து உட்காருகிறது என்று பார்ப்போம்.

வேலையின் அளவு உங்களுக்கு நன்றாகவே தெரிந்த இடம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 12 போஸ்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை திருத்தம், பொங்கல், ஆடித் தள்ளுபடி, அட்சய திருதியை, தீபாவளி வாழ்த்துகள் அந்தப் பன்னிரண்டில் அடங்குமா, ரீலுக்குக் கடைக்கு நேரில் வந்து படமெடுப்பதும் அதே கட்டணமா, இரவு 11 மணிக்கு வரும் கமென்ட்டுக்கு யார் பதில் போடுவது என்பதையெல்லாம் எழுதாவிட்டால் எல்லாமே உங்கள் வேலை என்றாகிவிடும். ‘ஒரு சின்ன சேஞ்ச்தான்’ என்று தொடங்குவதற்கு எல்லை எங்கே என்று அவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது, நீங்கள் சொல்லவில்லையே. போஸ்டரை அனுப்பி 48 மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளப்படும் என்ற ஒரே வரி, மாதக் கடைசியில் வரும் பாதிச் சண்டையைத் தீர்க்கும். ஃபாலோயர் எண்ணிக்கைக்கு உறுதி தராதீர்கள். 2020 ஜூன் 29ஆம் தேதி இந்தியா 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் லட்சக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தவர்களின் கணக்குகள் ஒரே இரவில் பயனற்றுப் போயின. 2021 அக்டோபர் 4ஆம் தேதி பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. உங்கள் கையில் இல்லாத ஒன்றை உங்கள் பொறுப்பில் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, செய்து கொடுத்த போஸ்டரும் ரீலும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. ‘காசு கொடுத்தேன், எனக்குத்தான்’ என்று கிளையன்ட் நினைக்கிறார். ‘நான் செய்தது, எனக்குத்தான்’ என்று நீங்கள் நினைக்கிறீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருவரையும் பாதி ஏமாற்றுகிறது. ஊழியராக இல்லாமல் வெளியாளாக எழுதித்தரும் கேப்ஷனுக்கு முதல் உரிமையாளர் அதை எழுதியவர்தான். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டபடி, பணம் பெற்றுக்கொண்டு எடுக்கும் புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்துக் கேட்டவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தின் கண்ணில் அசையும் காட்சிப் பதிவெல்லாம் திரைப்படம்தான், உங்கள் 30 விநாடி ரீலும் அதில் அடங்கும். ஆக, ஒரே கடைக்கு ஒரே நாளில் செய்த வேலையில் ரீல் அவருடையது, அதன் கீழே இருக்கும் வாசகம் உங்களுடையது. இப்படி ஒரு பங்கீட்டை இருவருமே எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். துபாயிலோ சிங்கப்பூரிலோ கிளை வைத்திருக்கும் நகைக்கடைக்கு இந்தக் கடைசி வரி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதாவது எழுத்து இல்லாவிட்டால் கஷ்டம் உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும்தான். ‘முழுத் தொகை வந்து சேர்ந்த நாளிலிருந்து உரிமை கிளையன்டுக்கு மாறும், என் முந்தைய வேலைகளின் தொகுப்பில் காட்டிக்கொள்ளும் உரிமை என்னிடம் இருக்கும்’ என்று எழுதினால் இருவருக்கும் நியாயமாக இருக்கும். பாக்கி வராத போஸ்டரின் உரிமையும் அதுவரை உங்களிடமே நிற்கும்.

இதைவிடக் கூர்மையான இடம் கணக்கின் சாவி. பல கடைகளின் பேஸ்புக் பக்கத்தை நடத்துபவரே தன் சொந்தக் கணக்கிலிருந்து திறந்திருப்பார். ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். பணம் வரும்வரை இது வசதியாகவே தெரியும். பணம் நின்றதும் ஒரு சபலம் தட்டும்: பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் என்ன, செய்த போஸ்டையெல்லாம் அழித்துவிட்டால் என்ன? கோபம் நியாயமானதுதான். ஆனால் அனுமதி இல்லாமல் தகவலை அழிப்பதையும், உரியவரை உள்ளே நுழையவிடாமல் தடுப்பதையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இழப்பீட்டுக்குரிய செயலாகச் சொல்கிறது. நேர்மையற்ற நோக்கோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தப் பக்கத்தைத் திறந்தவரே நான்தான் என்று நீங்கள் வாதாடலாம், எடுபடவும் கூடும். ஆனால் அதுவரை வரவேண்டிய பணத்தைக் கேட்டு நின்றவர், சைபர் கிரைம் புகாருக்குப் பதில் சொல்லும் ஆளாக மாறியிருப்பார். மூன்று மாதத்துக்கான 45,000 ரூபாய் பாக்கிக்காக இந்த இடமாற்றம் தேவையா? பக்கமும் விளம்பரக் கணக்கும் கிளையன்டின் பெயரில் இருக்க வேண்டும், உங்களுக்கு மெட்டா பிசினஸ் வழியாகப் பங்குதாரர் அனுமதி மட்டும் போதும். இன்வாய்ஸ் தேதியிலிருந்து இத்தனை நாளில் பணம் வராவிட்டால் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் புதிய பதிவுகளை நிறுத்துவேன் என்று எழுதிவிடுங்கள். வேலையை நிறுத்தும் உரிமையை ஒப்பந்தமே தந்துவிட்டால் பழிவாங்க வேண்டிய தேவை வராது.

விளம்பரப் பணத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ‘உங்க கார்டுல போட்டுடுங்க, மாசக் கடைசியில சேர்த்துத் தர்றேன்’ என்பதை ஏற்கவே கூடாது என்பது என் கருத்து. 15,000 ரூபாய் கூலிக்கு வேலை செய்பவர் 60,000 ரூபாய் கடன் கொடுத்து நிற்கும் ஏற்பாடு அது. அந்தப் பணம் உங்கள் கணக்கில் வந்து போனால் இன்னொரு சிக்கலும் உண்டு. சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரவு. கிளையன்டின் சார்பில் செலவழித்த பணத்தை உங்கள் வரவில் சேர்க்காமல் விட, ஜிஎஸ்டி விதி 33 சொல்லும் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அவற்றில் ஒன்று, அப்படிச் செலவழிக்க உங்களை முகவராக அமர்த்திய ஓர் ஒப்பந்தம் இருப்பது. பேசிய கட்டணம் ஜிஎஸ்டிக்கும் டிடிஎஸ்ஸுக்கும் முன்பா பின்பா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இனி வருவது பலரும் யோசிக்காமல் விடும் இடம்: போஸ்டில் இருப்பது பொய் என்றால் யார் பொறுப்பு? சர்க்கரை நோயை வேரோடு அறுக்கும் கஷாயம் என்று ஒரு மூலிகை மருத்துவர் வாசகம் தருகிறார், நீங்கள் அழகாக வடிவமைத்து ஏற்றுகிறீர்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் மருந்து விளம்பரத்தைத் தடை செய்கிறது. நீரிழிவும் புற்றுநோயும் அந்த அட்டவணையில் உண்டு. தடை மருத்துவருக்கு மட்டுமல்ல, அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுக்கும் எவருக்கும் பொருந்தும். ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ செய்யும் அறிவிப்பும் விளம்பரமே என்று அந்தச் சட்டம் வரையறுத்து வைத்திருக்கிறது. வானத்தில் விமானம் புகையால் எழுதிய காலத்தை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் போலும், ரீலும் அதற்குள் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. மனை விளம்பரத்தில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பாட்டு விஷயமும் இதே வகை. வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாத் திரைப்பாடல்களையும் திறந்துவிடுவதில்லை. ‘அந்தப் பாட்டையே போடுங்க, எல்லாரும் போடுறாங்க’ என்று கிளையன்ட் வற்புறுத்துவார். உரிமையாளரின் நோட்டீஸ் வந்தால், போட்டது யார் என்று அவரே உங்களைக் கைகாட்டவும் கூடும். கிளையன்ட் தரும் தகவல், படம், பாட்டு ஆகியவற்றின் உண்மைக்கும் உரிமைக்கும் அவரே பொறுப்பு, அதனால் வரும் இழப்பை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் தவறால் வரும் இழப்புக்கு உங்கள் பொறுப்பு மூன்று மாதக் கட்டணத்தைத் தாண்டாது என்று வரம்பும் வையுங்கள். இந்த வரிகள் தண்டனைச் சட்டத்திலிருந்து உங்களைக் காப்பாற்றாது. சட்டவிரோதமான விளம்பரத்தைச் செய்ய மறுக்கும் உரிமை எனக்கு உண்டு, மறுத்தாலும் அந்த மாதக் கட்டணம் குறையாது என்று இன்னொரு வரி சேர்த்தால்தான் காப்பு முழுமையாகும்.

கடைசியாகப் பணம் வரும் தேதி. இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. எழுதாமல் விட்டாலும் இந்த இடத்தில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறுந்தொழில் ஒன்றிடமிருந்து சேவை பெற்றவர் எழுத்தில் ஒத்துக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2025 ஜூனில் அந்த விகிதம் 5.75 சதவீதமாக இருந்தது, மும்மடங்கு 17.25. வேலையைப் பெற்றுக்கொண்டு 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். மூன்று மாதம் கழித்து ‘ரீல் அவ்வளவா சரியில்லையே’ என்று இழுப்பவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. இன்னும் ஒன்று. இந்தக் கெடுவுக்குள் குறு, சிறு தொழில்களுக்குப் பணம் தராத வணிகர், உண்மையில் பணம் தரும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும் என்ற விதியை 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்தது. அதனால் மார்ச் மாதத்தில் உங்கள் சார்பில் பேசுவதற்குக் கடையின் ஆடிட்டரே வந்துவிடுவார். இவ்வளவுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது குறுந்தொழிலுக்கான உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகப் பெற்று, அந்த எண்ணை இன்வாய்ஸில் அச்சிடுவது. வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பிறகு செய்த பதிவு முந்தைய பாக்கிக்குச் செல்லுமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு, அதில் நீங்களும் ஒரு கட்சிக்காரராக வேண்டாம். சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்போதும், எந்தத் தேதியில் எதை ஒப்படைத்தீர்கள் என்று காட்டத் தாள் வேண்டும்.

இனி உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். ‘தாளைக் காட்டினால் கிளையன்ட் ஓடிவிடுவார்’ என்பதுதான் எல்லாரும் சொல்வது. சிலர் ஓடத்தான் செய்வார்கள், மறைக்கவில்லை. ஆனால் கல்யாண மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் நாதஸ்வரத்துக்கும் அச்சாரம் கொடுத்துத் தேதி, ஆள், பந்தி எல்லாம் எழுதி வாங்கும் ஊர் இது. அதை யாரும் அவநம்பிக்கை என்று சொல்வதில்லை, முறை என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் தொழிலுக்கு அந்த முறை இன்னும் உண்டாகவில்லை, அவ்வளவே. பத்துப் பக்கச் சட்ட ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தை நீட்டினால் கடைக்காரர் மிரள்வது இயல்பு. ஒரே பக்கம், தமிழில், வேலை, திருத்தம், தொகை, தேதி, கணக்கின் உரிமை, விலகும் முறை என்று இருந்தால் மிரள ஒன்றுமில்லை. அதுவும் கனமாகத் தெரிந்தால், ‘இன்று பேசியதைக் கீழே எழுதியிருக்கிறேன், சரி என்று பதில் போடுங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் போதும். எழுத்துக்கும் ஒப்பாமல் அட்வான்ஸும் தராதவர், பணம் எப்படி வரும் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டார்.

‘15,000 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போவது’ என்பது அடுத்த ஆட்சேபம், இது வலுவானது. ஏமாற்ற முடிவு செய்தவரை எந்தத் தாளும் நேர்மையாளராக்காது. அவரிடமிருந்து உங்களைக் காப்பது அட்வான்ஸ்தான். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிதான் எழுத முடியும் என்று யாராவது நிபந்தனை போட்டால், மாதத் தொடக்கத்திலேயே பாதித் தொகை என்ற வரியைத்தான் நான் எழுதச் சொல்வேன். ஆனால் பணம் நிற்பதற்கு ஏமாற்று மட்டும் காரணமில்லை. எது முடிந்தது, எது முடியவில்லை என்ற குழப்பத்திலும் நிறைய பாக்கி தேங்குகிறது, அதைத் தாள் தீர்க்கும். கோர்ட்டுக்கு முந்தைய வழிகளும் உண்டு. உத்யம் பதிவு இருந்தால் குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்தில் இணையவழியே முறையிடலாம். 90 நாளில் தீர்க்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும்தான், ஆனாலும் மன்றத்தின் நோட்டீஸ் போனதும் பலருக்குப் பணம் நினைவுக்கு வரும். சட்டப் பணிகள் குழு நடத்தும் லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணம் இல்லை, அங்கே ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். வழக்கே போடுவதானாலும், எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் வரவேண்டிய குறிப்பிட்ட தொகைக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் ஆணைப்படி சுருக்க வழக்கு தொடரலாம். அதில் எதிராளி வாதாடுவதற்கே நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. எந்த வழக்கானாலும் 3 ஆண்டுக்குள் போட வேண்டும், அதன் பிறகு காலாவதி.

‘வாட்ஸ்அப்பில் எல்லாம் இருக்கிறதே’ என்பவர்களுக்கு: இருக்கிறது, 2,000 மெசேஜுக்கு நடுவில். போன் தொலையலாம், மறையும் செய்தி வசதி இயங்கிக்கொண்டிருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் காட்டச் சான்றிதழும் வேண்டும். வாட்ஸ்அப் நல்ல துணைச் சாட்சி, ஒப்பந்தத்தின் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள்.

பெரிய நிறுவனம் தன் ஒப்பந்தத்தை நீட்டி, பிடித்தால் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் போ என்றால் என்ன செய்வது? இங்கேயும் தெரிந்துகொண்டு கையெழுத்திடுவது வேறு, பயந்து கையெழுத்திடுவது வேறு. ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டுக்கு எங்கள் போட்டியாளருக்கு வேலை செய்யக் கூடாது என்ற வரி இருந்தால், தொழில் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானை ஒரு விளம்பர மேலாண்மை நிறுவனம் ஒப்பந்தக் காலம் முடிந்த பின்பும் தன்னோடு கட்டிவைக்கப் பார்த்தபோது, 2006இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் மறுத்தது. ஒப்பந்தம் நடக்கும் காலத்துக்கான தடை செல்லும், ரகசியம் காக்கும் கடமையும் செல்லும், அவற்றை மீறாதீர்கள். மீறினால் 5 லட்சம் அபராதம் என்று போட்டிருந்தாலும் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு மட்டுமே. இதற்காக இப்படிப்பட்ட வரிகளை அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. நீக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

இந்த மடலை ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லாருக்குமாக எழுதக் காரணம் உண்டு. ஒருவர் மட்டும் தாளை நீட்டினால் அவர் வம்புக்காரர். எல்லாரும் நீட்டினால் அது வழக்கம். நியூயார்க் நகரம் இதை உணர்ந்து, 800 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள தனியாள் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்று 2017 மே மாதம் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. தேதி எழுதாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம், தராவிட்டால் இரட்டிப்பு இழப்பீடு. 2024 ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அதே ஆண்டில் இல்லினாயும், 2025 ஜனவரியில் கலிபோர்னியாவும் பின்தொடர்ந்தன. அங்கே எழுத்து ஒப்பந்தத்தை வேலை தருபவரின் கடமையாக்கியிருக்கிறார்கள். இங்கே அப்படியொரு கடமை இல்லை, அது வரும்வரை வேலை செய்பவர்கள்தான் வழக்கத்தை உண்டாக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். உத்யம் பதிவு இல்லாதவர்கள் இந்த வாரமே செய்துவிடுங்கள். பத்தாண்டு அனுபவமுள்ளவர்கள் சிலர் சேர்ந்து, தமிழில் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தம் எழுதி, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, புதிதாக வருபவர்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். பழைய கிளையன்டுகளுக்கு அடுத்த மாத இன்வாய்ஸோடு அதை அனுப்புங்கள், சீசன் நெருக்கடியில் அனுப்பாதீர்கள். கட்டணத்தில் ஒருவரோடொருவர் போட்டி போடுவது உங்கள் விருப்பம். எழுத்தும் அட்வான்ஸும் இல்லாமல் வேலையைத் தொடங்குவதில் மட்டும் தயவுசெய்து போட்டி போடாதீர்கள்.

தோழமையுடன்.